ஓமனாவின் வழக்கு

இருபது வருடத் திருமண வாழ்க்கையில் நான்கு முறை. நீதிமன்றத்தில் ஓமனா சொல்லும் கணக்கு இது. ‘காதல் – தி கோர்’ படத்தைப் பற்றி யார் பேசினாலும் மம்மூட்டியின் துணிச்சலில்தான் தொடங்குகிறார்கள். எனக்கு இந்த எண்ணில் தொடங்க வேண்டியிருக்கிறது. நான்கு என்று சொல்ல வேண்டுமானால் அவர் எண்ணியிருக்க வேண்டும். எண்ணுவதற்கு ஒருவர் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில் எத்தனை வருடங்கள், எத்தனை இரவுகள் என்று படம் சொல்லவில்லை. பார்ப்பவர்களே வகுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நான் வகுத்துப் பார்த்தேன்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. ஜியோ பேபி இயக்கி 2023 நவம்பர் 23 அன்று வெளியான மலையாளப் படம். அதே ‘தி கிரேட் இண்டியன் கிச்சன்’ ஜியோ பேபிதான். எழுதியவர்கள் ஆதர்ஷ் சுகுமாரனும் பால்சன் ஸ்கரியாவும். தயாரிப்பு மம்மூட்டியின் சொந்த நிறுவனம். அப்போது அவருக்கு வயது 72. கோட்டயம் மாவட்டத்துத் தீக்கோயி என்கிற ஊரில் மேத்யூ தேவசி என்ற மரியாதைக்குரிய மனிதர் இருக்கிறார். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சர்ச், கட்சி, நல்ல வீடு, வயதான அப்பா, கல்லூரியில் படிக்கும் மகள். வார்டு இடைத்தேர்தலில் இடதுசாரிகளின் ஆதரவோடு நிற்கிறார். அந்தச் சமயத்தில் அவர் மனைவி ஓமனா விவாகரத்து கேட்டு வழக்குப் போடுகிறார். என் கணவர் தன்பாலீர்ப்பாளர், டிரைவிங் ஸ்கூல் நடத்தும் தங்கனோடு அவருக்கு உறவு இருக்கிறது என்கிறார்.

அதன்பிறகும் ஓமனா அதே வீட்டில்தான் இருக்கிறார். சமையல் நடக்கிறது. மாமனாரோடு பேச்சு நடக்கிறது. ஒரே கூரையின் கீழ் வாதியும் பிரதிவாதியும் சாப்பிட்டுக் கைகழுவுகிறார்கள். நம் குடும்பங்கள் எப்படி இயங்குகின்றன என்று தெரிந்த ஒருவரால்தான் இதை எழுதியிருக்க முடியும். இடி விழுந்தாலும் மறுநாள் காலையில் காபி போட்டாக வேண்டும், இல்லையா.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட்டுப் போகிறேன். மலையாளத்தில் நம் அர்த்தத்துக்குப் பிரேமம், பிரணயம் என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். காதல் என்றால் அங்கே உள்ளீடு, குறிப்பாக மரத்தின் நடுக்கட்டை. நாம் வைரம் என்கிறோமே, வைரம் பாய்ந்த கட்டை, அதுதான். அப்பா செங்கோட்டையில் ஒரு மர அறுவை மில்லில் முப்பது வருடம் கணக்கெழுதியவர். தடியை அறுத்துப் போட்டதும் வெளிவட்டத்து வெள்ளைக் கட்டையைக் காட்டி, “இது உளுத்துப்போவும், இதுல ஒண்ணும் செய்யக்கூடாது” என்பார். நடுவில் கறுத்திருப்பதைத் தட்டுவார். அது நிற்கும். மரம் உயிரோடு இருக்கும்போது நடுவே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அறுத்தால்தான் தெரியும். இந்தப் படத்தில் அறுவை வாளைக் கையில் எடுப்பவர் ஓமனா.

*

நான் இந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு 31 வயது. வீட்டில் ஜாதகம் எடுத்திருந்தார்கள்.

ஆண்கள்மீதுதான் எனக்கு ஈர்ப்பு என்பது பதினைந்து வயதில் தெரிந்தது. அதை ஏற்றுக்கொள்ள இன்னொரு பத்து வருடம் ஆனது. பெங்களூரில் வேலை, பெங்களூரில் நண்பர்கள், பெங்களூரில் ஒரு வாழ்க்கை. ஊர் எல்லைக்குள் பஸ் நுழைந்ததும் நான் வேறு ஆளாகிவிடுவேன். என்னைப்போன்ற பலருக்கு இது பழகிய வித்தை. இதில் வருத்தப்பட்டு எழுத ஒன்றுமில்லை. பிரச்சினை கல்யாணத்தில்தான் ஆரம்பிக்கிறது.

எங்களுக்குள் இதைப்பற்றி எவ்வளவோ பேச்சு உண்டு. பண்ணிக்கிட்டு சமாளிச்சிரலாம் என்பவர்கள் ஒரு பக்கம். எங்கள் அண்ணன்மார் தலைமுறையில் பெரும்பாலானோர் அப்படித்தான் செய்தார்கள். அவர்களில் சிலரை எனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைகள், சொந்த வீடு, மாதத்தில் ஒரு சனிக்கிழமை ‘ஆபீஸ் வேலையாக’ வெளியூர். இன்னொரு பக்கம் ஒப்பந்தக் கல்யாணம். ஒரு கே ஆணும் ஒரு லெஸ்பியன் பெண்ணும் ஊருக்காகத் தாலி கட்டிக்கொள்வது. 2022-இல் வந்த ‘பதாய் தோ’ இந்திப் படம் இதை வைத்துத்தான் ஓடியது. ராஜ்குமார் ராவும் பூமி பெட்னேகரும் அசலான சிரிப்போடு செய்திருந்தார்கள். நான் அதை இரண்டு முறை பார்த்தேன். படத்தில் வேலை செய்கிற விஷயம் மதுரையில் வேலை செய்யுமா, என் பெரியம்மா வீட்டில் வேலை செய்யுமா என்று கணக்குப் போட்டபடியே பார்த்தேன்.

இத்தனை கணக்கிலும் வராத ஆள் ஒருத்தி இருந்தாள். அந்தப் பெண். முகமில்லாதவள், பெயரில்லாதவள், ஏதோ ஓர் ஊரில் பி.எட். முடித்துவிட்டு என் ஜாதகத்துக்காகக் காத்திருப்பவள். நாங்கள் எங்கள் துயரத்தைப் பேசுவோம், அப்பா அம்மாவின் கண்ணீரைப் பேசுவோம். கட்டிக்கொண்ட பெண் இருபது வருடம் கழித்து எப்படி இருப்பாள் என்று ஒருவரும் பேசி நான் கேட்டதில்லை. அவள் ஒரு ‘சூழ்நிலை’, அவ்வளவுதான்.

2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை ஆகாது என்றும், தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிப்பது நாடாளுமன்றத்தின் வேலை என்றும் தீர்ப்பளித்தது. அதற்கு ஐந்து வாரம் கழித்து இந்தப் படம் வந்தது. தீர்ப்பு வந்த இரவு நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நண்பன் வீட்டு மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது ஒருவன் சொன்னான்: “நான் விரும்புறவனக் கட்டிக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா நாளைக்கே ஒரு பொண்ணக் கட்டிக்கலாம். எந்தக் கோர்ட்டும் ஏன்னு கேக்காது.” எல்லோரும் சிரித்தோம். ஓமனா அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை அது எனக்கு நகைச்சுவையாகத்தான் இருந்தது.

*

2024 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். திட்டமிட்டு அல்ல. அம்மா ஜோதிகா ரசிகை. ‘36 வயதினிலே’யைத் தங்கச்சிமாரைக் கூட்டிக்கொண்டு தியேட்டரில் போய்ப் பார்த்தவள். டிவியில் படத்தின் போஸ்டர் வந்ததும், “ஏ, இது சோதிகால்லா? போடு” என்றாள். மலையாளம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்நியமில்லை. புளியரை தாண்டினால் ஆரியங்காவு. கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடினாலும் அம்மா அதைப் பார்க்கமாட்டாள், காதாலேயே பிடித்துக்கொள்வாள்.

நான் படம் ஏற்கெனவே என்னவென்று தெரிந்து வைத்திருந்தேன். அணைத்துவிடலாமா என்று ரிமோட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். அணைக்கவில்லை.

வழக்கின் விவரம் வெளிவந்த இடத்தில் அம்மாவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. சுண்டல் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா மேத்யூவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீ என்று சொல்லவில்லை, இது என்ன படம் என்று கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “இவ எப்பிடில இருவது வருசம் இருந்தா?” என்றாள். அப்புறம் இன்னும் கொஞ்ச நேரம் கழித்து, மேத்யூவின் அப்பா தேவசி வாயே திறக்காமல் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்த ஒரு காட்சியில், என்னிடமா டிவியிடமா என்று தெரியாத குரலில் சொன்னாள்:

“அப்பங்காரனுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? எல்லாந் தெரிஞ்சுதான் கெட்டி வச்சிருப்பாரு.”

படம் அந்த விஷயத்தைச் சொல்ல இன்னும் வெகு நேரம் இருந்தது.

தேவசி சாட்சிக் கூண்டில் ஏறுவதுதான் இந்தப் படத்தின் பெரிய காட்சி என்று நினைக்கிறேன். அதுவரை ஆர்.எஸ். பணிக்கர் என்கிற அந்த நடிகர் ஏறக்குறைய ஒரு நாற்காலியைப் போலத்தான் வீட்டில் இருக்கிறார். கூண்டில் நிற்கும்போது மகனைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொள்கிறார். கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. நம் ஊரில் இதற்கென்று ஒரு மருந்துச்சீட்டே உண்டு: குடிக்கிறானா, கட்டி வை. ஊர் சுற்றுகிறானா, கட்டி வை. மனசு சரியில்லையா, கட்டி வை. ஒரு கால்கட்டு போட்டா எல்லாம் சரியாப் போகும். அந்தக் கால்கட்டுக்கும் ஒரு கால் இருக்கிறது, அதுவும் நடக்க ஆசைப்படும் என்பது மருந்துச்சீட்டில் எழுதப்படுவதில்லை.

அம்மா அந்தக் காட்சிக்கு இருக்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, “நாளைக்கு வெள்ளன எந்திக்கணும்” என்று எழுந்து போய்விட்டாள். நான் மட்டும் மிச்சத்தைப் பார்த்தேன். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டேன். தேவசி பேசும்போது இன்னும் குறைத்தேன்.

*

பெங்களூர் திரும்பியதும் இந்தப் படத்துக்காக ஒரு நண்பனோடு பெரிய சண்டை. அவன் ஓமனாவை மன்னிக்கத் தயாராக இல்லை. “ஒருத்தன் அவனா சொல்றதுக்கு முன்னாடி அவனப் பத்தி ஊருக்குச் சொல்றது வன்முறை. பொண்டாட்டியா இருந்தாலும் வன்முறைதான். டைவர்ஸ் வேணும்னா ரெண்டு பேரும் பேசி மியூச்சுவல்ல வாங்கிக்கலாம்ல? எலெக்‌ஷன் நேரத்துல ஏன் இழுத்து விடணும்?”

அவன் சொல்வதில் நியாயம் உண்டு. ஒருவருடைய பாலீர்ப்பை அவர் சம்மதமின்றி வெளிப்படுத்தினால் வேலை போகும், வீடு போகும், சில சமயம் உயிரும் போகும். எங்களில் எல்லோருக்கும் அந்தப் பயம் எலும்பில் இருக்கிறது. மேத்யூ பஸ்ஸிலும் டீக்கடையிலும் பேச்சாவதைப் பார்க்கும்போது எனக்கும் வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் பரஸ்பர சம்மதத்துக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். மேத்யூ நீதிமன்றத்திலேயே மறுக்கிறார். அப்படியொன்றும் இல்லை என்கிறார். அவர் மறுத்தால் ஓமனா சொல்வது பொய்யாகிறது. அவருடைய இருபது வருடமும் பொய்யாகிறது. உன் ரகசியத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன், அதற்காக என் வாழ்க்கையை நடக்காததாக்கு என்று எந்தப் பெண்ணிடம் கேட்க முடியும்? நண்பனிடம் இதைத்தான் சொன்னேன். ரகசியம் ஒருவருடையது என்று நாம் பேசுகிறோம். ஆனால் அந்த ரகசியத்தின் வாடகையை இரண்டு பேர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அந்தச் சண்டையின் உபயத்தில் சட்டத்தைக் கொஞ்சம் படித்தேன். இந்தியக் கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-ஆம் ஆண்டுச் சட்டம். 2001-இல் திருத்தும்வரை, கணவனின் தகாத உறவு ஒன்றை மட்டும் காட்டி ஒரு கிறிஸ்தவப் பெண் விவாகரத்து வாங்க முடியாது. கூடவே கொடுமையோ கைவிடுதலோ இருந்ததாகக் காட்ட வேண்டும். கணவனுக்கு அந்தத் தொல்லை இல்லை, மனைவியின் தகாத உறவு ஒன்றே போதும். 2001 திருத்தம் இதைச் சமப்படுத்தியது. அதே சட்டத்தில், மனைவி மட்டும் பயன்படுத்தக்கூடிய ஒரு பிரிவு இருக்கிறது. கணவன் வன்புணர்வு, குதப்புணர்ச்சி, விலங்கோடு புணர்ச்சி ஆகியவற்றில் ஒன்றைச் செய்திருந்தால் விவாகரத்து கேட்கலாம். இந்து திருமணச் சட்டத்திலும் இதே மூன்றும் இதே வரிசையில் நிற்கின்றன. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-ஆம் பிரிவின் பிடியிலிருந்து எங்களை விடுவித்தது. நடுவே இருக்கும் அந்தச் சொல் மட்டும் இந்தப் பட்டியலில் வன்புணர்வுக்கும் விலங்குக்கும் இடையில் உட்கார்ந்திருந்தது. சட்டம் எழுதிய ஆங்கிலேயத் துரைக்கு, கணவன் என்ன செய்தான் என்பது முக்கியம். அவன் செய்யாமலே விட்டது, அந்த நான்குக்குப் பிறகு வராத ஐந்து, அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருந்தார். கணவர் ஜவுளிக்கடை. ராத்திரி கடையிலேயே படுத்துக்கொள்வார், சரக்குக்குக் காவல் என்று. “தங்கமான மனுசன், குடி கிடையாது, கைநீட்ட மாட்டாரு” என்று பெண்கள் அந்த அக்காவிடமே சொல்வார்கள். அவரும் ஆமாம் என்பார். கணவர் யார், எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியாது. என் கண்ணாடியை அவர் மூக்கில் மாட்ட நான் விரும்பவில்லை. ஆனால் அந்த ‘ஆமாம்’ மட்டும் ஞாபகம் இருக்கிறது. குடிக்கவில்லை, அடிக்கவில்லை என்றால் ஒரு பெண் புகார் சொல்ல ஒன்றுமில்லை என்பது நம் ஊரின் எழுதப்படாத சட்டம். ஓமனாவின் கணவரும் தங்கமான மனுசன்தான். குடித்து அடிப்பவரை எதிர்த்து வழக்குப் போடுவதைவிட இப்படிப்பட்டவரை எதிர்த்து வழக்குப் போடுவது கடினம். ஏன் என்று கேட்பவர்களுக்குக் காட்ட உடம்பில் ஒரு காயம்கூட இல்லை.

*

படத்தின்மீது எனக்குக் குறைகளும் உண்டு. தங்கனை எடுத்துக்கொள்ளுங்கள். சுதி கோழிக்கோடு அந்தப் பாத்திரத்தைத் தோளைக் குறுக்கிக்கொண்டு நடந்தே செய்துவிட்டார். ஆனால் மேத்யூவையும் தங்கனையும் படம் ஒன்றாகக் காட்டுவதே அபூர்வம். ஒரு பார்வை, ஒரு தயக்கம், அவ்வளவில் நின்றுவிடுகிறது. காதலென்று பெயர் வைத்த படத்தில் காதலர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கக்கூட இடமில்லை. பெரிய நட்சத்திரத்தை வைத்துக்கொண்டு இவ்வளவுதான் முடியும் என்று சமாதானம் சொல்கிறார்கள். இருக்கலாம். 2006-இல் ‘வேட்டையாடு விளையாடு’ தியேட்டரில், வில்லன்கள் இரண்டு பேரையும் கமல் சீண்டும் வசனத்துக்கு விசில் பறந்தபோது அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், பதின்மூன்று பதினான்கு வயசு. அங்கிருந்து பார்த்தால் ‘காதல்’ எவ்வளவோ தூரம். ‘கோவா’வின் டேனியலையும் ஜாக்கையும் சிரிப்புக்காக வைத்திருந்தாலும் எனக்குப் பிடிக்கும், கடைசிவரை சேர்ந்தே இருந்தார்களே. 2025-இல் ‘காதல் என்பது பொதுவுடமை’ வந்து, தமிழ்க் குடும்பத்துக்குள்ளேயே ஒரு மகள் தன் காதலியைப் பற்றிச் சொல்வதைக் காட்டியது. தூரம் குறைகிறது. தங்கனுக்கு மட்டும் இன்னும் ஒரு நல்ல காட்சி பாக்கி.

இன்னொன்று, அவமானத்தின் விநியோகம். மேத்யூவுக்குப் பின்னால் கட்சி நிற்கிறது, வீடு நிற்கிறது, குடும்பப் பெயர் நிற்கிறது. கடைசியில் தேர்தலில் ஜெயித்தும்விடுகிறார். (தீக்கோயி வாக்காளர்கள்மீது ஜியோ பேபிக்கு இருக்கும் நம்பிக்கை எனக்கு எங்கள் வார்டு வாக்காளர்கள்மீது இல்லை.) தங்கனுக்குப் பின்னால் யாருமில்லை. கடைத்தெருவில் கேலி அவருக்குத்தான் நேரடியாக வருகிறது. வீட்டில் வளரும் பையன்கூட அவரால் அவமானப்படுகிறான். ஒரே உறவு, ஒரே ஊர், ஆனால் கல்லெறி மேட்டுக்கு ஒரு மாதிரியும் பள்ளத்துக்கு ஒரு மாதிரியும் விழுகிறது. இதைப் படம் பார்க்கிறது, அதற்காக அதைப் பாராட்ட வேண்டும். பார்த்துவிட்டு சீக்கிரமே நகர்ந்துவிடுகிறது.

இத்தனைக்குப் பிறகும் நான் திரும்பத் திரும்பப் போவது ஓமனாவிடம்தான். ஜோதிகா இதில் அழுது நடிக்கவில்லை. நம் படங்களில் அவருக்குப் பழக்கமான அந்த விரிந்த கண்களை இங்கே அடக்கி வைத்திருக்கிறார். பழிவாங்கும் பெண்ணாக ஆக்கியிருந்தால் கதை சுலபமாகியிருக்கும். அவர் வழக்கைத் தனக்காக மட்டும் போடவில்லை என்பது மெல்ல மெல்லப் புரிகிறது. மேத்யூவுக்கும் ஒரு கதவு திறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிகிறது, மேத்யூவுக்கே அது தெரிவதற்கு முன்னால். அவர்களுக்குள் அன்பு இருக்கிறது. இருபது வருடம் ஒரே ஜன்னல் வழியாக மழையைப் பார்த்தவர்களின் அன்பு. அது இருப்பதால்தான் அந்த நான்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

விவாகரத்து கிடைத்தபின் ஓமனா வேறொருவரைச் சந்திக்கப் போகிறார், மறுமணத்துக்காக. நாற்பதைத் தாண்டிய, வளர்ந்த மகள் உள்ள ஒரு பெண், தனக்கு ஓர் ஆணின் உடலும் துணையும் வேண்டும் என்று விரும்பி, ஒரு மேசைக்கு முன்னால் உட்காருகிறார். தியாகம் செய்து, மகளுக்காக வாழ்ந்து, வெள்ளைச் சுவர் பார்த்து உட்கார்ந்திருக்கும் முடிவை அவருக்கு யாரும் எழுதவில்லை. எனக்கு மேத்யூவின் வெற்றியைவிட அந்த மேசைதான் படத்தின் முடிவு.

*

பொங்கல் கழிந்து ஒரு மாதத்தில் தரகர் ஒரு போட்டோ அனுப்பினார், அம்மா அதை எனக்கு வாட்ஸப்பில் தள்ளிவிட்டாள். சங்கரன்கோவில் பெண், பி.எட்., ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். ஸ்டுடியோவில் எடுத்த படம். பின்னால் பெயிண்ட் அடித்த நீர்வீழ்ச்சி. சிரிக்கச் சொல்லியிருப்பார்கள், சிரிப்பு பாதி வந்து நின்றிருந்தது. முதல்முறையாக அந்தப் பெண்ணுக்கு ஒரு முகம் இருந்தது. கணக்கு டீச்சர், எண்ணத் தெரிந்தவர்.

இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் ராத்திரி அம்மாவே கூப்பிட்டாள்.

“போட்டோ பாத்தியா?”

“பாத்தேன்.”

“என்ன சொல்லுத?”

“வேண்டாம்மா.”

“இந்தப் பிள்ளை வேண்டாமா?”

“எந்தப் பிள்ளையும் வேண்டாம்மா.”

லைனில் டிவி சத்தம் கேட்டது. அதைக் குறைப்பது கேட்டது. நான் சொல்ல நினைத்து வைத்திருந்த வாக்கியங்கள் நிறைய. தமிழ்நாடு அரசு 2022-இல் எங்களைக் குறிக்கும் சொற்களையெல்லாம் தொகுத்து அரசிதழில் வெளியிட்டிருக்கிறது, கண்ணியமான சொற்கள், எனக்கு எல்லாமே மனப்பாடம். ஒன்றும் வாயில் வரவில்லை. “அன்னைக்குப் படம் பாக்கும்போது ஒண்ணு சொன்னேல்லா, அந்த அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்னு…” என்று ஆரம்பித்தேன்.

“ம்.”

“சரியாத்தாம்மா சொன்ன. அவரு கோர்ட்டுல வந்து சொன்னாரு, தெரியும்னு.”

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. வைத்துவிட்டாளோ என்று போனைப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

“அந்தப் பொண்ணு கடைசில என்ன ஆனா?”

“வேற ஒருத்தரைப் பாக்கப் போறாங்க, கல்யாணத்துக்கு. மேத்யூதான் கூட்டிட்டுப் போறாரு.”

“அவனேவா?”

“ஆமா.”

மறுபடியும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சாப்ட்டியா?” என்றாள்.

“சாப்ட்டேன்.”

“சரி. நாளைக்குத் தரகருக்குப் போன் போட்டுப் பேசுதேன். சாதகம் பொருந்தலன்னு சொல்லிருதேன்.”